திருத்த முடியாதவன் என்று ஒப்படைக்கப்பட்ட சிறுவன்



"சுவாமி, இவன் இனித் திருந்தமாட்டான். எங்கேயாவது ஒரு விடுதியிலை சேர்த்துவிடுங்கோ." இப்படிச் சொல்லிக்கொண்டு பங்குமனைப் படியேறும் தாய்மாரைச் சந்தியாத குருவானவர் எவரும் இருக்கமாட்டார். தாயின் பக்கத்திலே தலையைக் குனிந்தபடி நிற்பவனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போவதில்லை. இரவில் நேரத்துக்கு வீடு திரும்புவதில்லை. யாருடன் திரிகிறான் என்பதும் வீட்டாருக்குத் தெரியாது. தாயின் கண்ணீர் உண்மையானது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை பையனின் காதிலும் விழுகிறது என்பதை நாம் கவனிக்கிறோமா? "இவன் திருந்தமாட்டான்" என்று பெற்றவளே தீர்ப்பு வழங்குவதை அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

இதே தீர்ப்போடு ஏழு வயதில் ஒரு பாடசாலை வாசலில் விடப்பட்ட ஒரு சிறுவனின் வரலாற்றை இவ்வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அவன் பெயர் ஜோர்ஜ் ஹேர்மன் றூத். பிற்காலத்தில் 'பேப் றூத்' என்று உலகம் அவனை அறிந்துகொண்டது. அமெரிக்கரின் தேசிய விளையாட்டாகிய பேஸ்போல் ஆட்டத்தில் அவனுக்கு நிகராகப் புகழ்பெற்றவர் எவருமில்லை என்றே சொல்லலாம். எனினும் இன்று நாம் படிக்கவேண்டியது அவனுடைய புகழை அன்று. ஒரு பிள்ளையைத் திருத்துவது எது? விளையாட்டா? விளையாட்டுக்குப் பின்னால் நிற்கும் வேறொன்றா? இதுவே நமது கேள்வி.

தவறணை வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் 1895ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி ஜோர்ஜ் பிறந்தான். தாய் தந்தையருக்குப் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் இருவர் மாத்திரமே: ஜோர்ஜும் அவனது தங்கையும். தந்தை தவறணை நடத்தியவர். காலை தொடக்கம் நள்ளிரவு வரை கடையிலே வேலை. தாயோ ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகளைப் புதைத்த துயரத்திலும் நோயிலும் வாடினார். சிறுவனைக் கவனிக்க ஆளில்லை. துறைமுகத்தை அண்டிய தெருக்களே அவனை வளர்த்தன. பள்ளிக்கூடம் போகாமல் திரிந்தான், களவெடுத்தான், புகையிலை மென்றான், தவறணையில் மீந்த மதுவையும் ருசி பார்த்தான். இவற்றையெல்லாம் பிற்காலத்தில் அவனே மறைக்காமல் ஒப்புக்கொண்டான்.

அக்குடும்பத்தின் நிலையை விளக்க ஒரு சிறு செய்தி போதும். தான் 1894ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி பிறந்ததாகவே அவன் நெடுங்காலம் நம்பியிருந்தான். 1934இல் ஜப்பானுக்குப் பயணமாகும் பொருட்டுப் பிறப்புச் சான்றிதழ் எடுத்தபோதுதான் அது தவறு என்று தெரியவந்தது. தன் பிறந்த நாளைக்கூடச் சரியாக அறியாமல் வளர்ந்த பிள்ளை அவன்.

1902ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் திகதி பெற்றோர் அவனைப் புனித மரியாள் கைத்தொழிற் பாடசாலையில் ஒப்படைத்தார்கள். அநாதைகளுக்கும், குற்றம் புரிந்த சிறுவர்களுக்கும், 'திருத்த முடியாதவர்கள்' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் என 1866இல் பால்ரிமோர் மறைமாவட்டம் தொடங்கிய நிலையம் அது. ஜோர்ஜ் கடைசி வகையில் சேர்க்கப்பட்டான். இடையிடையே வீட்டுக்குப் போய் வந்தாலும், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை அந்த மதில்களுக்குள்ளேயே கழித்தான். அவனுக்குப் பதினேழு வயதானபோது தாய் இறந்தார்.

மைதானத்தில் நின்ற சகோதரர்

அந்நிலையத்தை நடத்தியவர்கள் சவேரியன் சபைச் சகோதரர்கள். தியடோர் ரைக்கன் என்பவர் 1839இல் பெல்ஜியத்தின் புறூஜ் நகரில் ஆரம்பித்த சபை இது. நம் மன்னார் விசுவாசத்தோடு பெயர் பிணைந்த அதே புனித பிரான்சிஸ் சவேரியாரே இவர்களின் பாதுகாவலர். அவர்களின் பொறுப்பில் ஏறத்தாழ எண்ணூறு சிறுவர்கள் இருந்தார்கள். காலையில் செபமும் திருப்பலியும், பின்பு பாடமும் கைத்தொழிலும். ஜோர்ஜ் தையற்கூடத்தில் சட்டை தைக்கப் பழகினான். ஞானோபதேசமும் அங்கேதான் கற்றான். ஆனால் அந்தப் பிள்ளைகள் காத்திருந்தது விளையாட்டு நேரத்துக்காகவே.

ஒழுக்காற்றுப் பொறுப்பாளராக இருந்தவர் சகோதரர் மத்தியாஸ். கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்தவர். ஆறடிக்கு மேல் நல்ல உயரம், அதற்கேற்ற உடற்கட்டு. ஆனால் குரலை உயர்த்திப் பேசும் பழக்கமில்லாதவர். அவர் முற்றத்துக்கு வந்து நின்றாலே கூச்சல் அடங்கிவிடுமாம். மாலை வேளைகளில் ஒரு கையாற் பந்தை மேலே எறிந்து, மறு கையிலுள்ள துடுப்பால் அதை மைதானத்தின் அடுத்த எல்லைவரை அடித்து அனுப்புவார். நூற்றுக்கணக்கான பையன்கள் ஆகாயத்தைப் பார்த்தபடி ஓடுவார்கள். அவர்களில் ஒருவன் ஜோர்ஜ்.

தண்டனை வழங்கும் பொறுப்பைச் சுமந்த அதே மனிதர், குழப்படிக்காரப் பிள்ளைக்குத் தம் நேரத்தையும் கொடுத்தார். எழுத்தும் வாசிப்பும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். மணிக்கணக்காக நின்று பந்து பிடிக்கவும் அடிக்கவும் பழக்கினார். ஜோர்ஜ் இடக்கைப் பழக்கமுள்ளவன். அவனுக்கேற்ற கையுறை அங்கே இல்லை. வலக்கைக்காரருக்கென்று செய்த கையுறையை அவன் இடக்கையில் மாட்டிப் பந்தைப் பிடிப்பான். பிடித்தவுடன் கையுறையைக் கழற்றிவிட்டு அதே கையால் எறிவான். வசதி இல்லை என்று எவரும் அவனை விலக்கவில்லை, அவனும் விலகவில்லை.

ஒருநாள் நடந்ததை அவனே கூறியிருக்கிறான். அவனுடைய அணியின் பந்துவீச்சாளனை எதிரணியினர் வெளுத்து வாங்கினார்கள். ஜோர்ஜ் அதைப் பார்த்து நின்ற இடத்திலேயே பகிடிபண்ணிச் சிரித்தான். சகோதரர் மத்தியாஸ் ஆட்டத்தை நிறுத்தினார். ஏசவில்லை, அடிக்கவில்லை. "அப்படியானால் நீயே போய் எறி" என்ற பொருள்பட, பந்தை அவன் கையில் கொடுக்கச் செய்தார். அதுவரை பந்து வீசியறியாத பையன் நடுவிலே போய் நின்றான். பிறன் தோல்வியைப் பார்த்துச் சிரித்தவன் அவனுடைய பாரத்தைத் தானே சுமக்கவேண்டியதாயிற்று. அமெரிக்காவின் சிறந்த பந்துவீச்சாளர்களில் ஒருவன் உருவானது இந்தத் தண்டனையிலிருந்துதான். ஒரு நல்ல ஆசிரியரின் கையில் கண்டிப்பும் ஓர் அழைப்பாக மாறுகிறது.

தாம் அறிந்த மனிதருள் மிகச் சிறந்தவர் சகோதரர் மத்தியாஸ் என்று றூத் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். சின்னச் சின்ன அடிவைத்து ஓடும் அவரது ஓட்டங்கூட அந்தச் சகோதரரைப் பார்த்துப் படிந்தது என்பார்கள். பிள்ளைகள் நம் புத்திமதியை மறந்தாலும் நம் நடையைப் பின்பற்றுகிறார்கள்.

பிறருக்காக ஆட்டமிழத்தல்

பேஸ்போல் நம்மிற் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம். நமது துடுப்பாட்டத்துக்கு அது தூரத்து உறவு. அணிக்கு ஒன்பது பேர். பந்தை அடித்தவன் நான்கு தளங்களையும் வரிசையாகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் ஓர் ஓட்டம் கிடைக்கும். வேலிக்கு அப்பால் அடித்தால் தடையின்றிச் சுற்றி வரலாம். அதுவே 'ஹோம் ரன்' எனப்படும் 'வீடு சேரும் ஓட்டம்'.

இந்த ஆட்டத்திலே ஒரு வழக்கம் உண்டு. தன் தோழன் ஒருவன் இடைத்தளத்தில் நிற்கும்போது, துடுப்பாளன் ஓங்கி அடிக்காமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடுவான். தான் ஆட்டமிழப்பான் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் எதிரணி அவனை வெளியேற்றும் நேரத்தில் தோழன் அடுத்த தளத்துக்கு முன்னேறிவிடுவான். ஆட்டத்தின் விதிநூலிலேயே இதற்குத் 'தியாகம்' என்றுதான் பெயர். கைதட்டல் குறைவு, கணக்கிலே ஓட்டமும் சேராது. ஆனால் அணி முன்னேறும். அடித்தே பேர் பெற்ற றூத்தும் பல தடவைகள் இவ்வாறு தம்மை விட்டுக்கொடுத்து ஆடியிருக்கிறார்.

அணியாக ஆடும் ஆட்டம் ஏன் ஒரு குழம்பிய பிள்ளைக்கு மருந்தாகிறது என்பதை இதிலே காணலாம். தெருவிலே அவன் கற்றது 'நான்' என்ற சொல். எடுத்தவன் பிழைப்பான், பலமுள்ளவன் வெல்வான். அணியிலோ அவனுக்காக மற்றொருவன் ஓடுகிறான். அவன் மற்றொருவனுக்காக ஆட்டமிழக்கிறான். நேரத்துக்கு வராவிட்டால் எட்டுப் பேர் பாதிக்கப்படுகிறார்கள். நடுவர் சொன்ன தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் கீழ்ப்படியவேண்டும். தோற்றாலும் எதிரியின் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும். திருச்சபையை ஓர் உடலுக்கு ஒப்பிட்டு, ஒரு உறுப்பு மற்றொன்றைப் பார்த்து நீ வேண்டாம் எனச் சொல்ல முடியாது என்று புனித பவுல் கொரிந்தியருக்கு விளக்கினார் அல்லவா? அந்த மறையுண்மையைப் புத்தகத்தில் படிக்குமுன் மைதானத்தில் தொட்டு உணரும் பிள்ளை பாக்கியவான்.

விளையாட்டு ஆன்மாவுக்குப் பகை என்று எண்ணிய பெரியோர் முற்காலத்தில் இருந்தார்கள். ஆனால் விளையாட்டுக்கும் உரிய ஓர் ஒழுக்கப் பண்பு உண்டு என்று புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே கற்பித்தார். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் வத்திக்கான், விளையாட்டையும் மனித மாண்பையும் பற்றி ஒரு தனி ஏட்டையே வெளியிட்டது. விளையாட்டு மைதானம் திருச்சபையின் அக்கறைக்கு வெளியேயுள்ள இடம் அன்று.

புகழும் வீழ்ச்சியும்

1914ஆம் ஆண்டு பெப்ரவரியில், பால்ரிமோர் ஓரியோல்ஸ் அணியின் உரிமையாளர் ஜாக் டன், ஆண்டுக்கு 600 டொலர் சம்பளத்தில் அவரை எடுத்துக்கொண்டார். அப்போது றூத்துக்கு வயது 19. பாடசாலையை விட்டு வெளியேறுவதற்காக டன்னே அவருடைய சட்டபூர்வமான பாதுகாவலரும் ஆனார். அணித்தோழர்கள் இவரை டன்னின் 'பேப்', அதாவது குழந்தை, என்று கேலி செய்தார்கள். அப்பெயரே நிலைத்தது. அதே ஆண்டு ஜூலையில் பொஸ்ரன் அணிக்கும், 1920ஆம் ஆண்டுப் பருவந்தொட்டு நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கும் ஆடினார். 1927இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்கள், வாழ்நாளில் 714. இந்த மொத்தத்தை 1974ஆம் ஆண்டு வரை எவரும் தாண்டவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் கேட்க இனிதாயிருக்கும். ஆனால் உண்மை வேறு. மதிலுக்குள் வளர்ந்த இளைஞன் கையில் திடீரெனப் பணம் கொட்டியது. அளவுமீறிய குடி, உணவு, சூதாட்டம், ஒழுக்கக்கேடு எல்லாம் தொடர்ந்தன. முதல் மணவாழ்வு சிதைந்தது. 1922இல் ஒழுங்கை மீறிப் பல தடவை இடைநிறுத்தப்பட்டார். அந்த ஆண்டின் இறுதியில் நடந்த ஒரு விருந்திலே ஜிம்மி வோக்கர் என்ற அரசியல்வாதி எழுந்து, தெருவிலே இவரைத் தெய்வமாக எண்ணும் அழுக்கு முகச் சிறுவர்களைக் கைவிட்டுவிட்டீரே என்று சபையறியக் கண்டித்தார். றூத் கண்ணீர் விட்டார், திருந்துவதாக வாக்களித்தார். 1925இல் உடல்நலம் குலைந்து சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அணி முகாமையாளர் மில்லர் ஹக்கின்ஸ் அவருக்கு 5,000 டொலர் தண்டம் விதித்து இடைநிறுத்தினார். பின்பு றூத் மன்னிப்புக் கேட்டு அணிக்குத் திரும்பினார்.

அன்பான வாசகர்களே, இதை ஏன் சொல்கிறோம்? மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. வெற்றி மனிதனைத் திருத்துவதில்லை; சிலவேளை கெடுத்தும் விடுகிறது. கழகப் போட்டி முடிந்தபின் கைகலப்பும், வெற்றிக் களிப்பிலே போத்தல் உடைப்பதும் நமது ஊர்களிலும் நடவாதவை அல்ல. விளையாட்டு நல்ல நிலம். ஆனால் நிலத்தில் விதை போட ஒருவர் வேண்டும். முளைத்த பின்னும் காவல் வேண்டும்.

திரும்பி வந்த வழி

வீழ்ச்சியின் நடுவிலும் ஒரு கயிறு அறுபடாமல் இருந்தது. 1919ஆம் ஆண்டு ஏப்ரலில் புனித மரியாள் பாடசாலை தீப்பற்றி எரிந்தது. மறு ஆண்டு றூத் அப்பாடசாலையின் வாத்தியக் குழுவைத் தமது அணியோடு ஊர் ஊராக வரச்செய்து, அதைத் திரும்பக் கட்டப் பணம் சேர்க்க உதவினார். சகோதரர் மத்தியாசுக்கு விலையுயர்ந்த மோட்டார் வாகனம் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். வைத்தியசாலைகளிலும் அநாதை இல்லங்களிலும் பிள்ளைகளைத் தேடிச் சென்று பார்ப்பது அவருடைய வாழ்நாள் வழக்கமாயிற்று. தம்மைத் தேடிவர ஆளில்லாதிருந்த காலத்தை அவர் மறக்கவில்லை போலும்.

1946ஆம் ஆண்டின் இறுதியில் தொண்டைப் பகுதியில் கொடிய நோயோடு நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றில் கிடந்தார். சத்திரசிகிச்சைக்கு முன், ஆண்டவரோடு கணக்கைச் சரிசெய்துகொள்ளலாமே என்று ஒரு நண்பர் நினைவூட்டினார். றூத் குருவானவரை அழைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார், நற்கருணை உட்கொண்டார். ஆயிரக்கணக்கான சிறுவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு சிறுவன் மாதாவின் அற்புதச் சுரூபம் ஒன்றை அனுப்பியிருந்தான். அதைத் தமது உடுப்பிலே குத்திக்கொண்டார். சிறுவயதில் புனித மரியாள் பாடசாலையில் கற்ற விசுவாசமே தம்மைத் திரும்ப அழைத்தது என்று பிற்பாடு சாட்சியம் பகர்ந்தார். பிள்ளைகளுக்கு நாம் கொடுத்திருந்தால்தானே அவர்கள் அதற்குத் திரும்பி வரமுடியும் என்பது அவரது முடிவு.

1948ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி, 53ஆவது வயதில் இறந்தார். நியூயோர்க் புனித பத்திரிசியார் பேராலயத்தில் கர்தினால் ஸ்பெல்மன் தலைமையில் அடக்கத் திருப்பலி நடைபெற்றது.

இளைய மகனின் உவமையை லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பன்றிகளின் நடுவே பட்டினி கிடந்தவனுக்குத் தன் தந்தையின் வீடு நினைவுக்கு வந்தது. நினைப்பதற்கு ஒரு வீடு இருந்தபடியால்தான் எழுந்து நடந்தான். ஜோர்ஜ் றூத்துக்கு அந்த நினைவைக் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத, குடும்பமில்லாத, பெரும் பெயர் தேடாத சில சகோதரர்கள். சகோதரர் மத்தியாஸ் 1944இல் இறந்துவிட்டார். தம்முடைய பையன் மீண்டும் திவ்விய பந்தியை அணுகியதை அவர் இவ்வுலகில் காணவில்லை. விதைத்தவர் எல்லோரும் அறுவடையைக் காண்பதில்லை.

நமக்குரிய பாடம்

புனித தொன் பொஸ்கோ தமது சகோதரர்களுக்கு விட்டுச்சென்ற முறையும் இதுவே: பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெரியவரும் இருக்கவேண்டும். கண்காணிக்கும் காவலராக அன்று. தகப்பனைப் போல, அண்ணனைப் போல.

நமது பங்குகளிலே உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் குறைவில்லை. புனிதர்களின் பெயர் தாங்கிய கழகங்கள் ஏராளம். திருநாளை ஒட்டிக் கேடயங்களும் வழங்கப்படுகின்றன. ஆனால் நாளாந்தம் மாலை ஐந்து மணிக்கு அந்த மைதானத்தில் பெரியவர் என்று யார் நிற்கிறார்கள்? நாம் நில்லாத இடத்தில் வேறொருவன் வந்து நிற்பான். போதைப்பொருள் விற்பவனுக்குப் பிள்ளைகளோடு பேச நேரம் உண்டு. குழுச்சண்டைக்கு ஆள் சேர்ப்பவன் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறான். "நீ எங்களுக்கு வேண்டும்" என்ற வார்த்தையை நம் பிள்ளை முதலில் யாருடைய வாயிலிருந்து கேட்கப் போகிறான்?

தந்தை வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளும், தாய் தனியே பாரம் சுமக்கும் வீடுகளும் நம்மிடையே பல. அங்கே மாமாவோ, சித்தப்பாவோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ, கழகத்தின் மூத்த வீரரோ சகோதரர் மத்தியாஸ் ஆகலாம். பெரிய திறமை வேண்டியதில்லை. ஒழுங்காக வரவேண்டும், பொறுமையாக நிற்கவேண்டும், தோற்ற பிள்ளையின் தோளில் கைவைக்கத் தெரியவேண்டும். ஆட்டம் முடிந்தபின் ஞாயிறு திருப்பலிக்கும் அதே கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும்.

ஆகவே, பெற்றோரே, "இவன் திருந்தமாட்டான்" என்ற சொல்லை இன்றே வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். அந்தத் தீர்ப்பை வழங்கும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை.

குடும்பமாகச் சிந்திக்க

1. நமது பிள்ளை யாருடன் விளையாடுகிறான் என்பது நமக்குத் தெரியுமா? அவனது ஆட்டத்தைக் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தோம்?

2. சகோதரர் மத்தியாஸ் பகிடிபண்ணிய பையனை ஏசாமல் பந்தைக் கொடுத்தார். நமது வீட்டில் நாம் தண்டிக்கும் முறையிலே பொறுப்பைக் கொடுப்பதற்கு இடமுண்டா?

3. பிள்ளைகளே, உங்கள் அணியில் எப்போதும் வெளியே இருத்தப்படுகிறவன் யார்? வரும் கிழமை அவனை ஆட்டத்தில் சேர்ப்பீர்களா?

4. இன்றிரவு செபமாலைக்குப் பின், நமது ஊரில் வீட்டாராற் கைவிடப்பட்ட ஓர் இளைஞனை மனதில் நினைத்து, அவனுக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். நாளை தெருவிலே அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பாமல் நின்று பேசுங்கள்.